இழுபடாத ஒன்று

ஐஸ்பழக் குச்சியைக் குறுக்கே கடிக்கச் சொல்லிவிட்டு
டொக்டர் ஷிஃபானா இரண்டடி பின்னால் போய் நின்றார்,
சுவரில் படம் மாட்டியவர் போல.
குச்சியின் இடது முனை தாழ்ந்திருந்தது.
முப்பத்தாறு வருஷமாய் என் சிரிப்பு
ஒருக்களித்துத்தான் நின்றிருக்கிறது.

தெரியாத விஷயமில்லை.
மாலு பாணைக் கடித்தால் வெட்டு எப்போதும் சரிவாய் விழும்.
அடையாள அட்டைக்குப் படம் பிடித்தவன்
"தலைய நேரா வைங்க மிஸ்" என்றான், மூன்று தரம்.
தலை நேராய்த்தான் இருந்தது.

"இந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பல்லெல்லாம்
நீண்டு இறங்கியிருக்கு. மேலே ஏத்தணும்.
பல்லப் பல்லால இழுத்தா
இழுக்கிற பல்லும் கூடவே வரும்.
அதனால எலும்பிலே ரெண்டு திருகாணி.
தோட்டுச் சுரையை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்."

கொட்டாஞ்சேனை, மூன்றாம் மாடி.
ஜன்னலில் துறைமுகம், பாரந்தூக்கிகள்,
வெளியே காத்து நிற்கும் கப்பல்கள்.
நங்கூரம் மாதிரியா என்று கேட்டேன்.
அவர் கணவர் துறைமுகப் படகொன்றில் வேலை.
"நங்கூரத்தையே இழுத்துக்கொண்டு போற கப்பலும் இருக்கு"
என்றபடி ஊசியை எடுத்தார்.

ஈறு மட்டும் விறைத்தது.
பிறகு, அடுத்த வீட்டுச் சுவரில்
யாரோ ஆணி இறக்குகிற மாதிரி.
வீடு என்னுடையது என்பது
கடைசிச் சுற்றில்தான் உறைத்தது.

புதுக்கடை நீதிமன்றத்தில் எனக்கு உரைபெயர்ப்பு வேலை.
தமிழில் வருவதைச் சிங்களத்தில் வைப்பேன்,
சிங்களத்தில் வருவதைத் தமிழில்.
சாட்சி அழுதால் நான் அழக்கூடாது.
வக்கீல் கத்தினால் நான் கத்தக்கூடாது.
கம்பி போட்ட முதல் கிழமை 'ஸ' எல்லாம் காற்றாய்ப் போக,
நீதவான் காதருகே கையை வைத்தார்.

அன்று தாபரிப்பு வழக்கு. முகத்துவாரத்து ஜெசிந்தா.
"பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தேன் ஐயா,
பதினொரு வருஷம்."
சிங்களத்திலும் அதே பல், அதே கடி.
மாற்ற எதுவுமே இருக்கவில்லை.
ஒரு சொல்லும் தவறாமல் எடுத்துக் கொடுத்தேன்.
கொடுத்து முடித்தபோது
என் தாடை இறுகிக் கிடந்தது.

இரவு நாக்கு நுனியில் பட்டது:
பின்பக்கத் திருகாணி ஆடிற்று.

"சில எலும்பு பிடிச்சுக்கொள்ளாது" என்றார் டொக்டர்.
"ஒங்கட பிழையில்ல. கடிச்சதால வந்ததும் இல்ல."
நான் எதையும் கடித்ததாய்ச் சொல்லியிருக்கவில்லை.
இரண்டு மில்லிமீற்றர் தள்ளி
புதிதாய் ஒன்று இறங்கியது.

பிறகு மாதம் ஒரு ரப்பர்ச் சங்கிலி.
ஜெசிந்தாவுக்கு மாதம் ஒரு தவணை.
எதிராளி வரவில்லை.
எதிராளியின் வக்கீலுக்குச் சுகமில்லை.
கோப்பு வேறு அறையில்.
என் பற்கள் மட்டும்
மயிரிழை மயிரிழையாய் ஏறிக்கொண்டிருந்தன,
பாணை நனைத்துத் தின்ற காலைகளில்,
மழை ஒழுகும் நூற்றுமூன்றாம் இலக்க பஸ்ஸில்,
நான் தூங்கும்போதும்.

பத்தாம் மாதம் குச்சி மட்டமாய்க் கிடந்தது.
திருகாணிகளை எடுக்க ஊசிகூடத் தேவைப்படவில்லை.
"குழி ஒரு கிழமையில தூர்ந்துடும்" என்று
சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்தார்.
இவ்வளவு காலம் எதற்கும் இழுபடாமல் இருந்தவை
பையின் மூலையில் புரண்டன.

வீதியில் இறங்கி மாலு பாண் வாங்கினேன்.
வெட்டு நேராய் விழுந்தது.
வேறு யாரோ கடித்துவிட்டுப் போன மாதிரி
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடவுச்சீட்டுக்குப் படம் பிடித்தவன்
"தலைய நேரா வைங்க மிஸ்" என்றான்.
இந்த முறை அவன் சொன்னது சரி.
வாய்க்கு ஈடுகொடுத்துச் சாய்ந்தே பழகிய கழுத்துக்கு
ஒருவரும் செய்தி சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜெசிந்தா மறுபடியும் கூண்டில் ஏறினாள்.
என் வாயை ஒரு தரம் பார்த்தாள்.
"முதல்ல இருந்து சொல்லணுமா மிஸ்?"
அதையும் சிங்களத்தில் சொன்னேன்.